ரஹமத் பீவியின் வெயில்

நாகலூர் ரோட்டில் பஸ் வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது ரஹமத்துல்லா பாயின் கடை. டீ, மொறுமொறு வர்க்கி பிஸ்கட், பீடி, சோப்பு, அவசரத்துக்கு இரண்டு கிலோ அரிசி எல்லாம் கிடைக்கும். ஒன்றும் வாங்காதவர்களுக்குப் பேச்சு கிடைக்கும். அங்கே அதிகம் செலவாகிற சரக்கே அதுதான். இந்தத் தை மாதத்தில் கடைக்குப் புதிதாக ஒரு அலங்காரமும் சேர்ந்திருந்தது. கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு போட்டோ. அதில் பாய் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாய், வயிற்றை எக்கிக்கொண்டு, எஸ்.ஐ. ஜெயகுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறார். பின்னால் ஒரு சில்வர் ஓக் மரம். மரத்தில் ஏணி எட்டுகிற உயரத்தில் ஒரு போலீஸ் கேமரா.

டீ குடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் போட்டோவைப் பார்த்தே தீரவேண்டும். பார்க்காவிட்டால் பாய் தொண்டையைச் செருமுவார். அதற்கும் மசியாவிட்டால் அடுத்த டீயில் சர்க்கரை குறையும்.

விஷயம் இதுதான். போன வருஷம் மிளகு சீசனில் அந்தப் பக்கத்துக் களங்களில் காயப்போட்டிருந்த மிளகு மூட்டை மூட்டையாகக் காணாமல் போயிற்று. பாயின் மிளகும் அதில் போனது. கடைக்குப் பின்னால் அரை ஏக்கர் காபிக் காடு இருக்கிறது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஆகவே இந்த வருஷம் சீசனுக்கு முன்பே வளைவில் ஒரு கேமரா வைத்துவிடலாம் என்று ஜெயகுமாரி இடம் தேடி வந்தார். ரோட்டோரத்து மின்கம்பத்தில் ஏறிப் பார்த்தால் வளைவின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. மேட்டில் நின்ற சில்வர் ஓக்கிலிருந்து இரண்டு பக்கமும் தெரிந்தது.

"இந்த எடம் யாருதுங்க?" என்று கேட்டார் ஜெயகுமாரி.

"என் காடுதானுங்க மேடம். தாராளமா வெச்சுக்கங்க. கரண்ட்டும் நம்ம கடையில இருந்தே எடுத்துக்கங்க" என்றார் பாய்.

அவர்கள் கேட்டது ஒரு மரம். மனுஷன் மரத்தோடு ஏணியும் கரண்ட்டும் டீயும் கொடுத்து, போட்டோவுக்கு முகத்தையும் கொடுத்தார். வந்தது சுற்றித் திரும்புகிற ரகக் கேமரா என்பதையும், அது ரோட்டைப் பார்த்துவிட்டு அப்படியே காட்டையும் கடையின் பின்புறத்தையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் மறுபடி ரோட்டுக்குப் போகும் என்பதையும் அவர் கவனிக்கவில்லை. வயிற்றை எக்கிப் பிடிப்பதில் கவனமாக இருந்தார்.

முதலில் எஸ்டேட் பெண்களின் வரத்து நின்றது. காபிப் பழம் பறிக்கிறவர்கள் சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் கடையின் பின்பக்கம் வருவார்கள். பாயின் பெண்டாட்டி பீவி நிரப்பி வைத்திருக்கும் தண்ணீரில் கைகால் கழுவி, சட்டையைக் கழற்றி, சேலையை உதறிக் கட்டி, தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். டூரிஸ்டுகள் ஏறுகிற பஸ்ஸில் சாக்கு வாசனையோடு போகமாட்டேன் என்பது அவர்களில் மூத்தவளான அம்மணியின் சட்டம். மற்றவர்களுக்கும் அதுதான் சட்டம். கேமரா வந்த பிறகு அவர்கள் பின்பக்கம் போவதில்லை. கடை வாசலிலேயே டீயைக் குடித்துவிட்டு, சட்டையும் சாக்குமாய் பஸ் ஏறினார்கள்.

"ஏனுங்க பாய், நாங்க சீலை கட்டறதைப் பாத்து உங்க மரம் என்னத்தைப் புடிக்கப் போவுது?" என்று கேட்டாள் அம்மணி.

"அது மிளகுத் திருடனைப் பாக்குதும்மா. உங்களையா பாக்குது?"

"யாரு திருடன், யாரு அம்மணின்னு அதுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

பாய்க்குப் பதில் வராத சமயங்கள் குறைவு. வராதபோது கிளாஸைக் கழுவுவார். அன்றைக்குக் கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார்.

அடுத்து நின்றதுதான் பெரிய விஷயம். அதைச் சொல்ல வேண்டுமானால் ரஹமத் பீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேர் பெயரிலும் ரஹமத் இருக்கிறது. பெயரை மட்டும்தான் ஆண்டவன் சரிபாதியாகப் பங்கு போட்டான். பேச்சு முழுவதும் அவருக்குப் போய்விட்டது, பொறுமை முழுவதும் அவளுக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீவி அந்தக் கடையில் பாதி வேலை பார்க்கிறாள். முக்காடு நழுவாமல் டீ ஆற்றுவாள், மூட்டை தூக்குவாள், கடன் கேட்டு வருகிறவனை ஒரு பார்வையில் திருப்பி அனுப்புவாள். முக்காடு யாரும் வற்புறுத்திப் போட்டதல்ல. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு அவள் காட்டுக்குள் போவாள். அங்கே பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் ஒரு பாறை உண்டு. சேர்வராயன் மலைக் குளிரில் ஈரத்தலையோடு இருக்கமுடியாது. வெயில் நேராக வந்து விழுகிற இடம் அது ஒன்றுதான். முக்காட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே வருகிற முடியை அவிழ்த்து வெயிலில் விரிப்பாள். ஏற்காட்டில் ஜும்மா தொழுதுவிட்டு பஸ்ஸில் திரும்பும் பாய், கடைப் பையனையெல்லாம் நம்பாமல் தானே இரண்டு கிளாஸ் டீ போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போவார். அன்றைக்கு மட்டும் அவர் அதிகம் பேசமாட்டார். அறுபதை நெருங்குகிற மனிதர், பெண்டாட்டியின் நரையோடிய முடி காற்றில் பறப்பதைப் பார்த்துக்கொண்டு டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருப்பார். ஊர் பார்த்தால் சிரிக்கும். ஊர் பார்க்காத இடம் என்பதால்தான் அது அவ்வளவு இனித்தது.

கேமரா வந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, டீயோடு போனவர் வெறும் பாறையைத்தான் பார்த்தார். பீவி சமையலறைக்குள் நின்று துண்டால் தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளிக்குள் அவளுக்கு நீர்க்கோவை வந்து, தும்மல் பிடித்துக்கொண்டது.

"ஏம்புள்ள, வெளியில அத்தனை வெயில் கெடக்குதே" என்றார் பாய்.

"கெடந்துட்டுப் போவுது."

"கேமராவுக்காகவா?"

"டேசன்ல எத்தனை ஆம்பளைங்க இருக்காங்களோ. அவங்க முன்னாடி நான் எதுக்குங்க தலையை அவுத்துப் போட்டு உக்காரணும்?" என்றாள் பீவி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தும்மினாள்.

கோபித்திருந்தால்கூட பாய் தாங்கியிருப்பார். அந்தத் தும்மல்தான் அவரைக் கடைக்குள் உட்காரவிடவில்லை. உடனே அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு யோசனை தோன்றுகிறபோதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று உடையும் என்பது பீவியின் அனுபவம். இந்தமுறை அவர் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஏணியைச் சாத்தி ஏறி, காலி மிளகுச் சாக்கு ஒன்றைக் கேமராவின் தலையில் கவிழ்த்துக் கட்டிவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "பாய், கேமராவுல ஒண்ணுமே தெரியலையே. என்னாச்சு?" என்றார் ஜெயகுமாரி.

"கொரங்குங்க மேடம். சாக்கைத் தூக்கிட்டுப் போயி அது மேல மாட்டிருச்சு. இந்தக் கொரங்குங்க பண்ற அட்டூழியம் நொம்ப..."

"கொஞ்சம் டேஷனுக்கு வந்துட்டுப் போங்க பாய்."

ஸ்டேஷனில் ஒரு சின்ன அறை. மேஜைமேல் டி.வி. மாதிரி ஒன்று. அதன் முன்னால் ஏட்டு வெள்ளையன் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயகுமாரி பாயை நாற்காலியில் உட்காரவைத்து, பதிவானதை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஏணி வந்தது. ஏணியில் ஒரு கைலி ஏறி வந்தது. பிறகு, நாக்கைக் கடித்துக்கொண்டு பாயின் முகம் பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுவதும் நிறைந்தது. அப்புறம் சாக்கு, இருட்டு.

"கைலி கட்டுன கொரங்கை இப்பத்தாங்க பாக்கறேன்" என்றார் ஜெயகுமாரி.

வெள்ளையன் போண்டாவை விழுங்கமுடியாமல் இருமினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பாய் தன் முகத்தாலேயே கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஆள் அனுப்பிச் சாக்கை எடுத்தாச்சு. இப்ப பாருங்க, எவ்வளவு தெளிவாத் தெரியுது" என்று ஜெயகுமாரி திரையை மாற்றினார்.

ரோடு தெரிந்தது. ஒரு ஜீப் போனது. கேமரா மெல்லத் திரும்பியது. காபிச் செடிகள், பட்டர் ஃப்ரூட் மரம், பாறை. பாறைக்குப் பக்கத்தில் பீவி குனிந்து சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் தும்மினாள். தும்மினதில் முக்காடு நழுவியது. சட்டென்று நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பாயையே பார்ப்பது போலிருந்தது. பார்த்தவள் இரண்டு கையாலும் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்துவரை சுற்றிக்கொண்டாள். தன் காட்டில், தன் வெயிலில், திருட வந்தவள் பதறுவது போலப் பதறினாள்.

வெள்ளையன் நல்ல மனிதர். பார்க்கக்கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதைதான் பாயை இன்னும் ஆழமாகக் குத்தியது.

"வேண்டாம்னா சொல்லிருங்க பாய், கழட்டிக்கறோம். உங்க எடம், உங்க சம்மதத்துலதான் வெச்சோம். சாக்கெல்லாம் எதுக்கு?" என்றார் ஜெயகுமாரி. "மேல கேட்டா நான் ஒரு காரணம் சொல்லணும். என்னன்னு சொல்லட்டும்?"

பாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வேறு வந்து நின்றார்கள். ஊரையே பேச்சால் வாங்கி விற்கிற மனிதருக்கு 'என் பெண்டாட்டி தலை காயவேண்டும்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இருக்கட்டுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அஃப்சானா சேலத்திலிருந்து வந்தாள். கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியர் வக்கீலாக இருக்கிறாள். பாய் அவளுக்கு ஒரு தட்டு வர்க்கியை வைத்து, அதில் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போல ஆரம்பித்தார்.

"ஏன் கண்ணு, போலீசு நெனச்சா எங்க வேணும்னாலும் கேமரா வெச்சுக்கலாமா?"

"ரோட்டுல வெச்சுக்கலாம் அத்தா. அடுத்தவங்க நிலத்துல வெக்கணும்னா நிலத்துக்குச் சொந்தக்காரங்க சம்மதிக்கணும். சம்மதிச்சவங்க பின்னால வேண்டாம்னும் சொல்லலாம். எங்க வெச்சாலும் ஊட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காளியை எட்டிப் பாக்கற மாதிரி வெக்கக்கூடாது. மனுசங்களுக்குத் தனியா இருக்கற உரிமைன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றவள் கையிலிருந்த வர்க்கியைத் தட்டில் வைத்தாள். "நம்ம காட்டைத்தானே கேக்கறீங்க? யாரு சம்மதம் குடுத்தா?"

"நாந்தான். என் காட்டுல..."

"காடு யாரு பேர்ல இருக்குது அத்தா?"

பாயும் தன் வர்க்கியைத் தட்டில் வைத்தார்.

நிக்காஹ் நடந்த அன்று பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய மஹர் என்ன என்று சபையில் பேச்சு வந்தது. பெண்வீட்டார் நகை எதிர்பார்த்தார்கள். பாயிடம் பொட்டுத் தங்கம் இல்லை. அப்போது அவர் ஒல்லியான, ரோஷம் மட்டும் கனமாக இருந்த பையன். "எங்கிட்ட இருக்கறது அந்த அரை ஏக்கர் காடுதான். அதையே மஹராக் குடுக்கறேன்" என்று சபை நடுவில் சொல்லிவிட்டார். அவருடைய அத்தாவின் முகம் கறுத்துப்போனது. திரைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் போய்ச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமே பத்திரம் அவள் பெயருக்குப் பதிவாயிற்று. மஹர் கொடுத்தால் கொடுத்ததுதான். அது பெண்டாட்டியின் சொத்து, அவள் மனசார விட்டுக்கொடுத்தால் ஒழியப் புருஷன் அதில் ஒரு கீற்றைத் தொடக்கூடாது. இது பாய்க்குத் தெரியாததல்ல. பிறகு அவர் களை எடுத்தார், கொடி ஏற்றினார், வரி கட்டினார், ஊர் அதைப் பாய் காடு என்றது, அவரும் என் காடு என்றார். சொல்லிச் சொல்லி நிஜமாகவே மறந்துபோனார். அன்று திரைக்குப் பின்னால் போய்க் கேட்டதோடு சரி. அந்த நிலத்தைப் பற்றி அதற்கப்புறம் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவர் நேரே சமையலறைக்குப் போனார். பீவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, காடு உன்னுதாச்சே."

"ஆமாங்க" என்றாள் பீவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"கல்யாணத்துக்கு வாங்கினது யாருக்குங்க மறக்கும்? குடுத்தவங்களுக்கு வேணா மறக்கும்."

"அப்புறம் ஏன் சொல்லல? என் காட்டுல கேமரா வெக்க நீங்க யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

பீவி அடுப்பைத் தணித்தாள். "என் காடு, என் காடுன்னு நீங்க நெஞ்சை நிமித்திச் சொல்றது எனக்குப் புடிக்குமுங்க. அன்னிக்கு அந்த மேடம் பக்கத்துல மாப்பிள்ளையாட்டம் நின்னீங்க. வயித்தை வேற உள்ள இழுத்துக்கிட்டு. அப்பப் போயி இது உங்க எடம் இல்லைன்னு சொன்னா உங்க மூஞ்சி என்னத்துக்கு ஆவும்? தலைமுடிதானே. உள்ள நின்னாலும் காஞ்சிரும்."

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லியிருப்பார், ஆனால் அது கேஸ் அடுப்பு.

"உன் வெயிலை நான் தூக்கிக் குடுத்துட்டேன் புள்ள" என்றார். "நாளைக்கு நீ வா. நீதான் சொல்லணும்."

திங்கட்கிழமை பீவி முதன்முறையாக ஸ்டேஷன் படியேறினாள். பாய் ஓரடி பின்னால் வந்தார். அறையில் வெள்ளையனும் அதே இரண்டு கான்ஸ்டபிள்களும் இருந்தார்கள். காடு தன் பெயரில் இருப்பதையும், தான் சம்மதிக்கவில்லை என்பதையும் பீவி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஜெயகுமாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யாரு பேர்ல இருக்குதுன்னு பாக்காதது எங்க தப்புதாங்கம்மா. ஊரே பாய் காடுன்னு சொல்லுச்சு."

"ஊரைச் சொல்லி என்னங்க, ஊட்டுக்காரரே சொன்னாரு" என்றாள் பீவி. "காரணம் ஏதோ வேணும்னீங்களாம். எனக்குத் தலை காயணுமுங்க. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திக்கிட்டு, முக்காடு இல்லாம அங்க உக்காருவேன். எனக்குன்னு இருக்கற எடம் அது ஒண்ணுதான். அதையே எழுதிக்கங்க."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். ஜெயகுமாரி சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இறுக்கிப் போட்டிருந்த கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"காரணமே தேவையில்லீங்கம்மா. நிலத்துக்காரங்க வேண்டாம்னா அதோட சரி. பாய்கிட்ட அன்னிக்கு நான் கேட்டதே அதிகம்" என்றார். பிறகு, "எனக்கும் லீவு கெடைக்கற அன்னிக்குத்தாங்க தலை காயுது" என்றார்.

"திருடனைப் புடிக்க வேண்டாம்னு நான் சொல்லலீங்க" என்றாள் பீவி. "கடை இவரு பேர்ல இருக்குது. அங்க முன்னாடி வெச்சுக்கங்க. ரோடு தெரியும். சக்கரை வியாதியை வெச்சுக்கிட்டு இவரு டப்பாவுல இருந்து வர்க்கி எடுக்கறதும் தெரியும்."

ஜெயகுமாரி பாயைப் பார்த்தார். "வளைவுல ஒரு பக்கம் கொறையும், பரவால்ல. உங்களுக்குச் சம்மதமா பாய்?"

தன்னிடம் நிஜமாகவே இருக்கிற ஒரு சொத்துக்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்பது பாய்க்குப் புரிந்தது. பெண்டாட்டியைப் பார்த்தார். வர்க்கி டப்பாவை மனசுக்குள் ஒருமுறை பார்த்து விடைகொடுத்தார். "சம்மதமுங்க மேடம்" என்றார்.

கேமரா கடை முகப்புக்கு வந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. அம்மணியின் கூட்டம் அன்று சாயங்காலமே பின்பக்கம் திரும்பியது. சேலை மடிப்பை நீவிக்கொண்டே வந்தவள், "கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்சிருக்கீங்களே பாய்!" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ் முழுக்கப் பவுடர் மணந்திருக்கும். வெட்கத்தில் பாய் போட்டோவைக் கழற்றப் போனார். பீவி விடவில்லை. "இருக்கட்டுங்க. அது ஒண்ணுலதான் உங்களுக்கு வயிறு இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் இரண்டு கிளாஸ் டீயோடு பின்பக்கம் போனார். பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் வெயில் விழுந்திருந்தது. பீவி பாறைமேல் இருந்தாள். முக்காடு மடியில் கிடக்க, முடி முதுகெல்லாம் விரிந்து பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாய்க்கு ஓடிப்போய் உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் காட்டின் ஓரத்தில், காபிச் செடிகள் தொடங்குகிற இடத்தில், கால் தானாக நின்றுவிட்டது. கல்யாணமான நாள் முதல் கேட்காமல் போய்வந்த வழி அது.

"ஏம்புள்ள" என்று கூப்பிட்டார். "உள்ள வரலாமா?"

பீவி திரும்பிப் பார்த்தாள். மனுஷன் இரண்டு டீயோடு செடிக்கு அந்தப் பக்கமே நிற்பதைப் பார்த்தாள். முகம் முழுவதும் சிரிப்பு பரவியது. பாறையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இன்னிக்கு வாங்க" என்றாள். "அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கேக்கோணும்."